தங்கும் விலாசம்

கொடைக்கானலில் நடுத்தர லாட்ஜ் ஒன்றில் 1994இலிருந்து கணக்கு எழுதி வருகிறேன். கணக்கு என்பது பெயருக்குத்தான். வேலையில் பாதி விலாசம் எழுதுவது. வருகிறவர் பெயர், வயது, ஊர், எங்கிருந்து வருகிறார், எங்கே போகிறார், எத்தனை நாள். நம் ஊர்க்காரர்கள் இந்தக் கட்டங்களை அலட்சியமாக நிரப்புவார்கள். 'மதுரை' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டுச் சாவிக்குக் கை நீட்டுவார்கள். மதுரையில் எங்கே என்று கேட்டால் கோபம் வந்துவிடும்.

வெளிநாட்டுக்காரர்கள் விஷயம் வேறு. அவர்களுக்குத் தனியாக ஒரு படிவம் இருந்தது. சி படிவம் என்று பெயர். தங்க இடம் கொடுக்கிறவர் தங்குகிறவரைப் பற்றி அரசாங்கத்துக்குத் தகவல் தர வேண்டும் என்பது 1946ஆம் வருஷத்து வெளிநாட்டவர் சட்டத்தின் ஏழாவது பிரிவு. அந்தத் தகவல்தான் சி படிவம். ஆள் வந்து சேர்ந்த இருபத்துநாலு மணி நேரத்துக்குள் அது போய்ச் சேர வேண்டும். பாஸ்போர்ட் எண், விசா எண், இந்தியாவுக்குள் நுழைந்த தேதி, சொந்த நாட்டு விலாசம், இங்கே வருமுன் இருந்த இடம், அடுத்துப் போகப்போகிற இடம். முதலில் கார்பன் தாள் வைத்துக் கையால் எழுதினேன். பிறகு கம்ப்யூட்டர் வந்தது. 2025 செப்டம்பர் 1ஆம் தேதி முதல் அந்தப் பழைய சட்டமும் போய், குடியேற்றம் மற்றும் வெளிநாட்டவர் சட்டம் என்று புதியது அமலுக்கு வந்திருக்கிறது. சட்டத்தின் பெயர் மாறியதே தவிர என் வேலை மாறவில்லை. லாட்ஜ்காரர்களுக்கு மட்டும் என்றில்லை. வட்டக்கானலில் வீட்டு மாடியில் ஒரே ஒரு அறையை வாடகைக்கு விடுகிறவருக்கும் இதே கடமை உண்டு.

இந்தப் படிவத்துக்கு ஒரு ஜோடி உண்டு. பிரயாணி விமானத்தை விட்டு இறங்கும்போது எழுதித் தருகிற வருகை அட்டை. 'இந்தியாவில் தங்கும் விலாசம்' என்று அதில் ஒரு கட்டம் இருக்கும். அவர் சென்னையில் எழுதியதும் நான் கொடைக்கானலில் எழுதுவதும் எங்கோ ஒரு மேஜையில் சந்தித்துக்கொள்ளும் என்பது ஏற்பாடு. சந்தித்துக்கொள்கின்றனவா என்பதைப் பற்றி நான் யோசிப்பதில்லை.

என்னிடம் வந்தவர்கள் பலரும் சொல்லியிருக்கிறார்கள், அந்த ஒரு கட்டத்தில்தான் பேனா நின்றுவிடும் என்று. மற்றதெல்லாம் தெரிந்த சங்கதி. பெயரும் பிறந்த தேதியும் நடந்து முடிந்தவை. பாஸ்போர்ட் எண்ணைப் பார்த்து எழுதிவிடலாம். இது மட்டும் இன்னும் நடக்காததை நடந்தது போல எழுதச் சொல்கிறது. இன்னும் நுழையாத நாட்டில், இன்னும் படுக்காத கட்டிலின் விலாசம். அனுபவப்பட்டவர்களுக்கு இதில் சிரமமில்லை. முதல் இரவு எங்கேயோ அதை எழுதுவார்கள். பல ஊர் போகிறவரும் முதல் ஊரைத்தான் எழுத வேண்டும். சிநேகிதர் வீடு என்றால் அவர் பெயர், கதவு எண், தொலைபேசி எண். 'சிநேகிதர் வீடு' என்று மட்டும் எழுதினால் நிறுத்திவைத்துக் கேட்பார்கள். முன்பதிவுக் காகிதத்தைக் கையில் வைத்திருப்பது நல்லது, செல்பேசியில் உயிர் இருக்கும் என்று நம்பி வரக்கூடாது. இதெல்லாம் எனக்கு என் வாடிக்கையாளர்கள் கற்றுக்கொடுத்தது.

இப்போது காகிதம் குறைந்துவருகிறது. சிங்கப்பூருக்குப் போகிறவர் புறப்படும் முன்பே, மூன்று நாளைக்குள், மின்னட்டையில் எழுதிவிட வேண்டும். மலேசியா 2024இலிருந்து அப்படி. தாய்லாந்து 2025 மே 1இலிருந்து. இந்தியாவும் வெளிநாட்டவருக்கு 2025 அக்டோபர் 1 முதல் மின் வருகை அட்டையைத் தொடங்கிவிட்டது. அமெரிக்காவுக்குப் போகிற வெளிநாட்டவர் அங்கே முதலில் தங்கப்போகும் விலாசத்தை விமானக் கம்பெனியிடமே சொல்ல வேண்டும். இறங்கிய பிறகு எழுதியது போய், ஏறுவதற்கு முன்பே எழுதுவதாகிவிட்டது. பிரான்ஸ் இன்னும் ஒரு படி மேல். அங்கே ஒருவர் வீட்டில் விருந்தாளியாகத் தங்கப்போகிறவர் ஓட்டல் ரசீது காட்ட முடியாதல்லவா? வீட்டுக்காரர் தன் ஊர் மேயர் அலுவலகத்துக்குப் போய், இன்னார் என் வீட்டில் தங்குவார், என் வீட்டில் இடம் இருக்கிறது என்று எழுதிக்கொடுத்து, முத்திரைக் கட்டணம் கட்டி, அத்தாட்சி வாங்கி அனுப்ப வேண்டும். விருந்தோம்பலுக்கு நோட்டரி கையெழுத்து என்று ஒரு பிரெஞ்சு வாடிக்கையாளரிடம் வேடிக்கையாகச் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. அவருடைய மாமியார் அல்ஜீரியாக்காரராம்.

அந்தக் கட்டம் எங்கே தூங்குவாய் என்று கேட்பதாகத்தான் வெகுகாலம் நினைத்திருந்தேன். எங்கள் லாட்ஜின் பெயரை விமான நிலையத்தில் எழுதிக்கொடுத்துவிட்டு இந்தப் பக்கமே எட்டிப்பார்க்காதவர்கள் உண்டு. வேறொரு விடுதியை எழுதிவிட்டு இங்கே வந்து பத்து நாள் கிடந்தவர்களும் உண்டு. இதனால் யாரும் யாரையும் தூக்கில் போடவில்லை. ஆக, கேட்கப்படுவது தூங்கும் இடம் அல்ல. உன்னைப் பற்றிக் கேட்டால் யார் பதில் சொல்வது என்பதுதான் கேள்வி. இது எனக்கு என் ரிஜிஸ்தரிலிருந்து விளங்கவில்லை. எங்கள் லாட்ஜில் படுக்கை விரிப்புகள் துவைத்துக்கொண்டிருந்த ஒரு அம்மாள் வழியாக விளங்கியது. அவர் என்னைவிடப் பதினெட்டு வயது மூத்தவர். அக்கா என்றுதான் கூப்பிடுவேன்.

*

அதற்கு முன் என்னைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லியாக வேண்டும். நானும் கவிதை எழுதியவன். இந்த மாதிரிப் பத்திரிகைகளில் நாலைந்து வந்திருக்கின்றன. அவற்றில் இரண்டாவது விலாசம் இல்லாதவனைப் பற்றியது. காம்யுவின் 'அந்நியன்' 1980இல் க்ரியா வெளியீடாகத் தமிழில் வந்தது. எனக்குக் கிடைத்தபோது பத்து வருஷப் பழைய பிரதி. அதைப் படித்த கையோடு எனக்கும் இந்த உலகத்தில் விலாசம் இல்லை என்று தோன்றிவிட்டது. ஆனந்தகிரியில் வாடகைக்கு ஓர் அறை, அதற்கு மாதாமாதம் ரசீது, ரேஷன் கார்டு, மதுரையில் அப்பா கட்டிய வீடு, அந்த வீட்டிலிருந்து பதினைந்து நாளைக்கொரு தரம் கடிதம். இவ்வளவும் வைத்துக்கொண்டுதான் எழுதினேன். பொய் எழுதினேன் என்று சொல்லமாட்டேன். ஆனால் அந்த வார்த்தையை அதற்கு உரியவர்களிடமிருந்து கேட்காமல் எடுத்துக்கொண்டுவிட்டேன் என்று பிறகு பட்டது.

விலாசம் நல்ல வார்த்தை. அதில் பல அடுக்குகள். போன நூற்றாண்டுக்கு முந்திய நூற்றாண்டில் நாடகத்துக்கும் விலாசம் என்றுதான் பெயர். காசி விஸ்வநாத முதலியாரின் 'டம்பாச்சாரி விலாசம்' பலருக்கு ஞாபகம் இருக்கும். நாட்டுக்கோட்டைச் செட்டியார்களிடம் விலாசம் என்றால் கடையின் தலைப்பெழுத்து. பாட்டன், தகப்பன் பெயர்களின் முதலெழுத்துகள் சேர்ந்த அந்த மூன்று நான்கு எழுத்துகளை நம்பிப் பினாங்கிலும் ரங்கூனிலும் கொழும்பிலும் பணம் கைமாறியது. கடை எந்தத் தெருவில் என்பது இரண்டாம் பட்சம். எழுத்துக்குப் பின்னால் பதில் சொல்ல ஆள் இருக்கிறது என்பதுதான் விலாசம். முகவரி என்ற வார்த்தையில் இந்தக் கனம் ஏறவில்லை.

கொடைக்கானலே இதைக் கண்ணுக்குக் காட்டுகிற ஊர்தான். அமெரிக்க மதுரை மிஷன்காரர்கள் கீழே சமவெளியில் நோய்க்குப் பலபேரைப் பறிகொடுத்துவிட்டு 1845இல் இங்கே முதல் இரண்டு பங்களாக்களைக் கட்டினார்கள். ஒன்றுக்கு சன்னிசைடு, மற்றதற்கு ஷெல்டன் என்று பெயர். பெரியகுளம் பக்கத்திலிருந்து ஆள் சுமந்து ஏறின காலம். பிறகு வந்த துரைமார் வீடுகளுக்கும் பெயர்தான், எண் இல்லை. பெயர் சொன்னால் போதும், தபால் வந்துவிடும். அவர்களைச் சுமந்து ஏறியவர்கள் எங்கே தங்கினார்கள் என்பதற்குப் பெயரும் இல்லை, எண்ணும் இல்லை.

*

அக்கா பிறந்தது இலங்கையில், ஹட்டனுக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தில். அவருடைய பாட்டி சொல்லிக்கொண்டிருந்த வாக்கியம் ஒன்றை எனக்கு அடிக்கடி சொல்வார்: "கழுத்துல தகரத்தக் கட்டிக்கிட்டு வந்தோம்." ஏதோ பழமொழி என்று நான் நினைத்தேன். பிறகுதான் படித்துத் தெரிந்துகொண்டேன், அது அச்சாக நடந்ததுதான்.

இலங்கைத் தோட்டங்களுக்கு ஆள் பிடித்துப்போன கங்காணிகள் 1901இலிருந்து தகர வில்லைகளைப் பயன்படுத்தினார்கள். தோட்டத்துரை அரசாங்கத்திடம் கேட்டு வாங்கிக் கங்காணியிடம் கொடுத்தனுப்புவார். சின்ன வட்டத் தகடு. அதில் ஓர் எழுத்து, ஓர் எண். எழுத்து எந்த வட்டாரம் என்பதற்கு, எண் எந்தத் தோட்டம் என்பதற்கு. கயிற்றில் கோத்துக் கழுத்தில் தொங்கவிட்டுக்கொண்டால் முகாமில் சோறு, கப்பல், ரயில் எல்லாம் நடந்துவிடும். செலவு தோட்டத்தின் பேரில் எழுதப்படும். முதலில் தூத்துக்குடிப் பக்கம் தட்டப்பாறை முகாம் வழியாகப் போனார்கள். 1914இல் பாம்பன் பாலமும் தனுஷ்கோடி - தலைமன்னார் கப்பலும் வந்த பிறகு மண்டபம் முகாம். இந்திய மண்ணில் இருந்த அந்த முகாமை நடத்தியது இலங்கை அரசாங்கம். வியாதி இருக்கிறதா என்று பார்த்து, தகரத்தைப் பார்த்து, கப்பலேற்றுவார்கள்.

யோசித்துப் பார்த்தால் அதுதான் நான் இத்தனை நாளும் எழுதிக்கொண்டிருந்த கட்டம். நாடு விட்டு நாடு போகிறவரிடம் கேட்கப்படும் தங்கும் விலாசம். எழுதப் படிக்கத் தெரியாதவர்களுக்கு வசதியாக முன்கூட்டியே தகரத்தில் அடித்துக் கொடுத்துவிட்டார்கள். பதில் சொல்கிற ஆள் தோட்டத்துரை. பதில் சொல்கிறவன் சொந்தக்காரனும் ஆகிவிடுகிறான் என்பது அடுத்த சங்கதி. தோட்டம் மாற வேண்டுமானால் கையில் துண்டு வேண்டும். இவன் பேரில் இவ்வளவு கடன், தீர்த்தால் விடுவிக்கிறேன் என்று துரை எழுதிக் கொடுக்கிற சீட்டு அது. 1921இல்தான் துண்டு முறையைச் சட்டம் போட்டு ஒழித்தார்கள்.

1948ஆம் வருஷத்துக் குடியுரிமைச் சட்டத்தில் இலங்கை இவர்களைக் கழித்துவிட்டது. 1964 அக்டோபர் 30ஆம் தேதி சிறிமாவோவும் சாஸ்திரியும் கையெழுத்துப் போட்டார்கள். மொத்தம் 9,75,000 பேர் என்று கணக்கு. 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு. மிச்சம் 1,50,000 பேரைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று வைத்து, 1974இல் ஆளுக்குப் பாதி பிரித்துக்கொண்டார்கள். பேரேட்டில் பற்று வரவு எழுதுகிறவன் என்ற முறையில் எனக்கு இந்தக் கணக்கு சுலபமாகப் புரிகிறது. அதுவே என்னைத் தொந்தரவு செய்கிறது.

அக்காவின் அப்பா இந்தியாவுக்கு எழுதிக்கொடுத்தார். தங்கையைக் கட்டியிருந்த குடும்பம் இலங்கைக்கு எழுதிக்கொடுத்திருந்தது. 1972இல் அக்கா இருபது வயதில் அப்பா, அம்மா, தம்பியோடு தலைமன்னாரில் கப்பல் ஏறினார். தங்கை ஹட்டன் ஸ்டேஷனிலேயே நின்றுகொண்டாள். தனுஷ்கோடி 1964 புயலில் போய்விட்டது, ஆகவே ராமேஸ்வரத்தில் இறங்கி மண்டபம் முகாம். பாட்டி தகரத்தோடு போன அதே மண்டபம்.

முகாமில் மேஜை போட்டு உட்கார்ந்திருந்தவர் கேட்டாராம்: "இங்கே எங்கே போய்த் தங்குவீங்க? சொந்த ஊர் எது?" அப்பா துறையூர்ப் பக்கம் ஒரு கிராமத்தின் பெயரைச் சொன்னார். அவர் பார்க்காத ஊர். அவருடைய அப்பா சொல்லக் கேட்ட பெயர். அட்டையில் அதை எழுதினார்கள். போய்ப் பார்த்தால் ஊர் இருந்தது. பெயரும் சரிதான். இவர்கள் யார் என்று அங்கே யாருக்கும் தெரியவில்லை. கோயில் திண்ணையில் பதினோரு நாள் இருந்தார்கள். "ஊரு பொய் சொல்லல தம்பி. எங்களத்தான் அதுக்கு ஞாபகமில்ல" என்று அக்கா சொன்னபோது, அவர் விரிப்பைப் பிழிந்துகொண்டிருந்தார். நான் எழுதிய கவிதை எனக்கு அப்போது ஞாபகம் வந்தது.

மலையிலேயே பிறந்து வளர்ந்தவர்களுக்குச் சமவெளியில் பிழைக்கத் தெரியாது. பலர் நீலகிரிக்குப் போனார்கள், கொஞ்சம் பேர் இந்தப் பழனி மலைக்கு வந்தார்கள். தோல் பதனிட வாட்டில் மரத்துப் பட்டை வேண்டும். பட்டை உரிக்க ஆள் வேண்டும். முன்பணம் கொடுத்து லாரியில் ஏற்றிவந்தார்கள். முன்பணம் அடையாமல் இறங்க முடியாது. இப்படிக் கொடைக்கானல் காடுகளில் கொத்தடிமைகளாக மாட்டிக்கொண்டவர்களின் கதை 1980களில்தான் வெளியே வந்தது. அக்காவின் குடும்பமும் ஐந்து வருஷம் அதில் இருந்தது. காட்டுக்குள் பிளாஸ்டிக் தாள் போட்ட குடிசை. துண்டுச் சீட்டு ஒழிந்து ஐம்பது வருஷமாகியிருந்தது. கடன் கணக்கு இங்கே ஒரு நோட்டுப் புத்தகத்தில் இருந்தது, அவ்வளவுதான் வித்தியாசம். அக்கா இதற்கு மேல் சொல்லமாட்டார். நானும் கேட்டதில்லை.

*

இந்த முன்கதையோடுதான் 2025 தை மாதம் நாங்கள் இலங்கைக்குப் போனது. தங்கைக்கு உடம்பு சரியில்லை என்று தகவல் வந்தது. அக்காவின் மகன் திருப்பூரில் பனியன் கம்பெனியில் இருக்கிறான், லீவு கிடைக்கவில்லை. 'படிவம் எழுதத் தெரிஞ்ச ஆளு நீதான், நீ வா' என்றார் அக்கா. எழுபத்திரண்டு வயதில் முதல் பாஸ்போர்ட் எடுத்தார். முதல் என்பது தவறு. 1972இல் குடும்பத்துக்கு ஒன்று இருந்தது. அது ஒருவழிப் பாஸ்போர்ட்.

மதுரையிலிருந்து கொழும்புக்கு விமானத்தில் ஒரு மணி நேரம்கூட ஆகாது. அதற்குள் இரண்டு வருகை அட்டைகளை நான் எழுத வேண்டும். இலங்கையில் தங்கும் விலாசம் என்ற கட்டத்தில், அத்தனை வருஷம் இதே வேலை செய்த எனக்கு, பேனா நின்றது. நாங்கள் தங்கப்போவது தங்கையின் லயத்தில். லயம் என்றால் வரிசையாகக் கட்டிய அறைகள், வீட்டுக்குக் காம்பரா ஒன்று. தோட்டத்தின் பெயர் உண்டு, டிவிஷன் பெயர் உண்டு. அந்த வீட்டுக்கு என்று தனி விலாசம் கிடையாது. மலையகத் தோட்டங்களில் இது பொதுவான நிலைமை. கடிதம் தோட்ட ஆபீசுக்கு வரும், அங்கிருந்து ஆள் சொல்லிவிட்டால் உண்டு. தனி விலாசம் கேட்டு வருஷக்கணக்காகக் கோரிக்கை வைத்து வருகிறார்கள். இலங்கைக்கு வந்து இருநூறு வருஷம் ஆனதைச் சொல்லி 2023இல் தலைமன்னாரிலிருந்து மாத்தளைக்கு, முன்னோர்கள் நடந்த வழியிலேயே நடந்தார்கள். 1901இல் தகரத்தில் இருந்த எண், ஆள் போய்ச் சேரும்வரைக்கும்தான் தேவைப்பட்டது. சேர்ந்த பிறகு அவனுக்குக் கடிதம் வரும் என்று யாரும் நினைக்கவில்லை.

தொழில் தெரிந்தவன் செய்வதை நான் செய்தேன். ஹட்டனில் ஒரு விடுதியில் ஓர் இரவுக்கு அறை பதிவு செய்து வைத்திருந்தேன். அங்கே தங்கும் உத்தேசமே இல்லை. கட்டத்தில் எழுத ஒரு பெயர் வேண்டும், அதற்குத்தான். என் லாட்ஜின் பெயரை எழுதிவிட்டு வராமல் போனவர்களை எத்தனையோ தரம் மனசுக்குள் திட்டியிருக்கிறேன். இரண்டு அட்டையிலும் விடுதியின் பெயரை அழகான கையெழுத்தில் எழுதினேன்.

கட்டுநாயக்காவில் உத்தியோகஸ்தர் முதலில் என் அட்டையைப் பார்த்து முத்திரை குத்தினார். அக்காவின் அட்டையைப் பார்த்தார். அக்காவின் முகத்தைப் பார்த்தார். பாஸ்போர்ட்டில் பிறந்த ஊர் ஹட்டன் என்றிருந்தது. சிங்களத்தில் ஏதோ கேட்டார். எனக்குச் சிங்களம் தெரியாது. ஐம்பத்திரண்டு வருஷமாக அக்கா பேசி நான் கேட்டிராத, பேசியிருக்கவும் முடியாத அந்த மொழியில் தட்டித் தடவிப் பதில் சொன்னார். எனக்குப் புரிந்தது ஒரு வார்த்தைதான். தோட்டத்தின் பெயர்.

என் கால் நடுங்கியது. அட்டையில் ஒன்று, வாயில் ஒன்று. முப்பது வருஷ அனுபவத்தில் அது என்ன அர்த்தம் என்று எனக்குத் தெரியும். குறுக்கே பேச வாயெடுத்தேன். அவர் கையைக் காட்டி என்னை நிறுத்தினார். மறுபடி ஏதோ கேட்டார். அக்கா விரலை மடக்கி எண்ணிச் சொன்னார். அவர் பேனாவை எடுத்து, நான் எழுதியிருந்த விடுதியின் பெயரின் மேல் ஒரு கோடு போட்டு, மேலே சிங்கள எழுத்தில் எதையோ எழுதினார். முத்திரை குத்திப் பாஸ்போர்ட்டைத் தந்தார்.

வெளியே வந்ததும் என்ன கேட்டார் என்றேன்.

"வீடு எங்கன்னு கேட்டாரு. சொன்னேன். எத்தனாவது லயம்ன்னாரு. மேல் லயம், நாலாவது காம்பரான்னேன்."

"தங்கறது எங்கன்னு கேட்டிருப்பார் அக்கா."

"ரெண்டும் ஒண்ணுதானே தம்பி."

அவர் எழுதியது என்ன என்பது எனக்குத் தெரியாது. தோட்டத்தின் பெயராக இருக்கலாம். நாலாவது காம்பராவரைக்கும் எழுதினாரா? எழுதியிருந்தால், தபால்காரருக்கே தெரியாத அந்த விலாசம் அன்று ஓர் அரசாங்க மேஜையில் ஒரு தடவை பதிவாகியிருக்கிறது.

தங்கை எழுந்து உட்கார்ந்திருந்தார். ஐம்பத்திரண்டு வருஷம் கழித்துப் பார்த்துக்கொண்ட இரண்டு பேரைப் பற்றி நான் எழுதப்போவதில்லை, அது அவர்களுடையது. எட்டு நாள் இருந்தோம். நான் புறப்படும்போது நோட்டை எடுத்து, உங்கள் விலாசம் சொல்லுங்கள், கடிதம் போடுகிறேன் என்றேன். தொழில் பழக்கம்.

"ஆபீசுக்குப் போடுங்க. வந்தா சொல்லுவாங்க. சில நேரம் சொல்ல மாட்டாங்க."

எழுதிக்கொண்டேன்.

*

திரும்பி வரும்போது விமானத்தில் அக்கா முணுமுணுத்துக்கொண்டே இருந்தார். ஏதோ ஸ்தோத்திரம் என்று நினைத்தேன். காது கொடுத்துக் கேட்டால் கதவு எண், தெரு, வார்டு, கொடைக்கானல், திண்டுக்கல் மாவட்டம், பின்கோடு. மண்டபத்தில் அப்பா திணறியது போலத் தான் திணறக்கூடாது என்று மனப்பாடம் செய்கிறார். நான் ஒன்றும் சொல்லவில்லை. சொல்லியிருக்க வேண்டும். இந்தியக் குடிமக்கள் வருகை அட்டை எழுத வேண்டியதில்லை என்பது 2014இலிருந்தே ஏற்பாடு. மதுரையில் முத்திரை விழுந்தது. போகச் சொல்லிவிட்டார்கள். ஒரு வார்த்தை கேட்கவில்லை.

"ஒண்ணுமே கேக்கலையே தம்பி?"

"நம்ம ஆளுகளக் கேக்கறதில்லக்கா."

அக்கா கொஞ்ச தூரம் பேசாமல் வந்தார். கேட்காதது கௌரவம் என்று நான் விளக்கப் பார்த்தேன். உனக்குப் பதில் சொல்ல இன்னொருத்தர் வேண்டியதில்லை, நீயே போதும் என்று அர்த்தம் என்றேன். எனக்கே அது புத்தகத்தனமாகப் பட்டது. கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன் என்றார், அவ்வளவுதான்.

மதுரையில் வாடகைக் கார் பிடித்தோம். வத்தலகுண்டு தாண்டி மலை ஏறி, வெள்ளி நீர்வீழ்ச்சிச் சாவடியில் வண்டியை நிறுத்தினார்கள். 2024 மே 7ஆம் தேதியிலிருந்து வெளியூர் வண்டி கொடைக்கானலுக்குள் வர இ-பாஸ் வேண்டும். சென்னை உயர் நீதிமன்ற உத்தரவு. மலை எத்தனை வண்டி தாங்கும் என்று தெரிய வேண்டுமே. என்ன வண்டி, எத்தனை பேர், ஒருநாளில் திரும்புகிறார்களா, தங்குகிறார்களா. நாடு விட்டு நாடு போகிறவரைக் கேட்டதை இப்போது ஊர் விட்டு ஊர் போகிறவரையும் கேட்கிறோம். டிரைவர் செல்பேசியைக் காட்டினார். சாவடிப் பையன் குனிந்து உள்ளே பார்த்துக் கேட்டான்:

"தங்கறீங்களா, சுத்திப் பாத்துட்டு எறங்கிருவீங்களா?"

நான் வாயைத் திறக்குமுன் பின் சீட்டிலிருந்து அக்கா சொல்ல ஆரம்பித்தார். கதவு எண், தெரு, வார்டு. பையன், சரிம்மா, போங்க என்றான். அக்கா நிறுத்தவில்லை. கொடைக்கானல், திண்டுக்கல் மாவட்டம். பின்னாலிருந்து வண்டிகள் ஹாரன் அடித்தன. ஆறு, ரெண்டு, நாலு, ஒண்ணு, சைபர், ஒண்ணு. கடைசி எண்ணையும் சொல்லி முடித்த பிறகுதான் டிரைவர் கியரைப் போட்டார்.